வரப்பில் நொச்சி, கையில் மருந்துப் புட்டி: டெல்டா உழவர் எதை, எப்போது நம்பலாம்?



நம் தஞ்சைப் பக்கத்தில் பூச்சிக்கொல்லிக்கு 'மருந்து' என்றுதான் பெயர். "மருந்து அடிச்சாச்சா?" என்று கேட்டால் வயலைக் கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் புரியும். அதே ஊரில் சளிக்கு நொச்சி போட்டு ஆவி பிடிப்பதும் மருந்து, இருமலுக்கு ஆடாதொடைக் கஷாயமும் மருந்து, காமாலைக்குக் கீழாநெல்லியும் மருந்துதான். ஒரே சொல்லுக்குள் உயிரைக் காப்பதும் உயிரை எடுப்பதும் சேர்ந்து கிடக்கின்றன.

சென்ற சம்பாப் பருவத்தில் பாபநாசம் பக்கத்து ஊர் ஒன்றில் வயல்வெளிக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். கூட்டம் முடியும்போது, நடவு வேலைக்கு வந்திருந்த ஓர் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பையனுக்குக் காமாலைன்னு வரப்புல கீழாநெல்லி பறிச்சு மோர்ல அரைச்சுக் குடுத்தேன் சார். அந்த வயல்ல முந்தின நாள்தான் மருந்து அடிச்சிருக்காங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. நல்லாக் கழுவித்தான் அரைச்சேன். கழுவினா போயிடும்ல?"

அவருக்குச் சொன்ன பதிலைப் பின்னால் சொல்கிறேன். இப்போது நம் ஊர்களில் ஆடாதொடை, நொச்சி, வேம்பு என்று கன்றுகள் வந்து இறங்குகின்றன. இன்னொரு பக்கம் நாம் வருடக்கணக்கில் நம்பியிருந்த சில பூச்சிக்கொல்லிகள் கடையை விட்டுப் போகின்றன. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் நடுவில் நிற்கும் டெல்டா உழவர் என்ன முடிவெடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

என்னதான் நடக்கிறது?

2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தை 206 கோடி ரூபாயில் அறிவித்தது. பசுந்தாள் உரம், மண்புழு உரம் ஆகியவற்றோடு பூச்சிவிரட்டிச் செடிகளும் அதில் இடம்பெற்றன. 10 லட்சம் வேப்பங்கன்றுகளை இலவசமாக வழங்குவது, ஆடாதொடை, நொச்சி போன்ற செடிகளை வளர்த்து உழவர்களுக்குக் கொடுப்பது ஆகியவை அறிவிப்பில் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மார்ச்சில், தமிழ்நாடு அங்கக வேளாண்மைக் கொள்கையும் வெளியானது.

ரசாயனத்தின் பக்கம் நடந்தவை வேறு. 2018 ஆகஸ்ட்டில் மத்திய அரசு 18 பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை ஆணை பிறப்பித்தது. நாம் நன்கு அறிந்த போரேட் குருணை, டைகுளோர்வாஸ், பாஸ்பாமிடான், டிரையசோபாஸ் ஆகியவை அந்த ஆணைப்படி 2020 டிசம்பர் 31-ஓடு நின்றன. 2023 செப்டம்பர் இறுதியில் வந்த அடுத்த ஆணை டைகோபால், டினோகாப், மெத்தோமில் ஆகியவற்றைத் தடை செய்ததுடன், மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். திரவத்துக்கும் முடிவு கட்டியது.

இதற்கிடையில் 2022-23-இல் தமிழக அரசு அசிபேட், குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ், புரபனோபாஸ் ஆகிய நான்கையும், சைபர்மெத்ரின் சேர்ந்த இரண்டு கலவைகளையும் 60 நாட்களுக்கு நிறுத்தியது. "60 நாள் நிறுத்தி என்ன பயன்?" என்று அப்போது பலர் கேட்டீர்கள். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மாநில அரசு அவ்வளவு காலத்துக்குத்தான் நிறுத்தி வைக்கலாம். நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில் இருக்கிறது.

அந்த 60 நாள் தடைக்குக் காரணம் பூச்சி அல்ல, தற்கொலை. கடன், குடும்பச் சண்டை, ஒரு நிமிடக் கோபம் என்று ஏதோ ஒன்று; வீட்டு மூலையில் புட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இலங்கை 1995-இல் மோனோகுரோட்டோபாஸையும் மெத்தமிடோபாஸையும், 1998-இல் எண்டோசல்பானையும் நிறுத்தியது. 1995-இலிருந்து 2005-க்குள் அந்த நாட்டின் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. அங்கே உழவர்களின் கவலைகள் எதுவும் தீர்ந்துவிடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கொடிய நஞ்சு மட்டும் விலகியது. அத்தனை உயிர்கள் பிழைத்தன.

அவசரமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

இந்த மாற்றத்தை எப்படிச் செய்யக்கூடாது என்பதற்கும் இலங்கையே பாடம். 2021-இல் அந்த அரசு ரசாயன உரம், பூச்சிக்கொல்லி இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தியது. மாற்று எதுவும் உழவர் கையில் தயாராக இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது, உழவர்கள் தெருவில் இறங்கினார்கள், அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

சரியாகச் செய்ததற்கு நம்மைப் போன்ற இன்னொரு டெல்டா எடுத்துக்காட்டாக இருக்கிறது. வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 1994-இல் ஒரு பிரசாரம் தொடங்கியது. விதைத்த முதல் 40 நாட்களுக்கு இலை தின்னும் பூச்சிக்கு மருந்து அடிக்காதீர்கள் என்பதுதான் மொத்தச் செய்தியும். வானொலி நாடகம், சுவரொட்டி, ஊர்க்கூட்டம் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். "நம்பாவிட்டால் உங்கள் வயலில் ஒரு துண்டை மட்டும் அடிக்காமல் விட்டுப் பாருங்கள்" என்றார்கள். உழவர்கள் விட்டுப் பார்த்தார்கள். இளம் பயிர் இலை இழந்தாலும் தூர் கட்டி ஈடு செய்துவிடுவதைக் கண்ணால் கண்டார்கள். தெளிக்கும் தடவைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன, விளைச்சல் குறையவில்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கு ஒன்று விளங்கும். மருந்தை மாற்றுவதற்கு முன் மருந்து அடிக்கும் பழக்கம் மாற வேண்டும். பூச்சியைக் கண்டவுடன் புட்டியைத் தேடும் கை, நாளைக்கு நொச்சிக் கரைசலையும் அதே போலத்தான் தேடும். ஒரு முறை அடித்துவிட்டு, "பூச்சி சாகலையே" என்று மறுநாள் மறுபடியும் கடைக்குப் போகும்.

மூலிகை எப்படி வேலை செய்கிறது?

1962-இல் தில்லியில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்து விஞ்ஞானிகள், வேப்பங்கொட்டைச் சாறு தெளித்த பயிரை வெட்டுக்கிளி தொடுவதில்லை என்று பதிவு செய்தார்கள். வெட்டுக்கிளி சாகவில்லை, தின்ன மறுத்தது. அதற்குக் காரணமான அசாடிராக்டின் என்ற பொருளை 1968-இல் இங்கிலாந்தில் பிரித்தெடுத்தார்கள். 1990-களில் வேப்ப எண்ணெயைப் பூஞ்சைக்குப் பயன்படுத்தும் முறைக்கு ஓர் அமெரிக்க நிறுவனமும் அந்நாட்டு வேளாண் துறையும் ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கின. இது இந்திய உழவர் காலங்காலமாக அறிந்தது என்று வழக்காடி, 2000-இல் அது ரத்தானது. 2005-இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

உலகமே சொந்தம் கொண்டாட வந்த மரம் நம் வாசலில் நிற்கிறது. ஆனால் அதன் குணத்தை அறிந்து பயன்படுத்துகிறவர்கள் குறைவு. அசாடிராக்டின் மூன்று வேலை செய்கிறது: பூச்சியைத் தின்ன விடாது, புழு தோலுரித்து வளர்வதைக் குலைக்கும், முட்டையிடுவதைக் குறைக்கும். மூன்றுக்கும் நாள் பிடிக்கும். காலையில் அடித்துவிட்டு மாலையில் செத்த பூச்சியை எண்ணக் கூடாது. வெயில் பட்டால் அதன் வீரியம் குறையும் என்பதால் மாலை மூன்றரை மணிக்கு மேல்தான் தெளிக்க வேண்டும்.

நொச்சி, ஆடாதொடை, எருக்கு, புங்கம் எல்லாம் ஏறக்குறைய இந்த வகைதான். ஆடு தின்னாதது, ஒடித்தால் பால் வடிவது, கசப்பது, நெடி அடிப்பது என்று நம் முன்னோர் பூச்சிவிரட்டிக்கு இலை பொறுக்கிய கணக்கில் அர்த்தம் இருக்கிறது. ஆடு தொடாத இலையைப் புழுவும் எளிதில் தொடாது. இவற்றைக் 'கொல்லி' என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். 'விரட்டி' என்று நினைத்து, பூச்சி குறைவாக இருக்கும்போதே அடித்தால் பலன் கிடைக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. சிலந்தி, நீள்கொம்பு வெட்டுக்கிளி, முட்டை ஒட்டுண்ணிக் குளவி போன்ற நம் பக்கத்து வீரர்களுக்கு இவை செய்யும் கெடுதல் ரசாயனத்தை விட மிகக் குறைவு. புகையான் விஷயத்தில் இது முக்கியம். சைபர்மெத்ரின் வகை மருந்துகளும் குயினால்பாஸும் அடித்த வயலில் புகையான் முன்னை விட அதிகமாகப் பெருகுவது பல முறை நிரூபணமானது. சிலந்தியைக் கொன்றுவிட்டால் புகையானைத் தின்ன ஆள் ஏது? இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளை ஒரே ஆணையில் நிறுத்தியதும் புகையானின் இந்தப் பெருக்கத்தைக் கண்டுதான்.

எந்தப் பூச்சிக்கு, எந்த அளவில்?

வாரம் ஒரு முறை வயலில் குறுக்காக நடந்து, இருபது குத்துகளைத் தட்டிப் பாருங்கள். தூரின் அடியைப் பாருங்கள். கீழே உள்ள எண்ணிக்கையைத் தாண்டினால்தான் தெளிப்பு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை அளவுகளை ஏக்கருக்கு மாற்றித் தருகிறேன்.

- இலைச்சுருட்டுப் புழு: வளர்ச்சிப் பருவத்தில் 100-க்கு 10 இலை, பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 100-க்கு 5 சேதமானால், வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் (ஏக்கருக்கு 10 கிலோ பருப்பு, 200 லிட்டர் தண்ணீர்).

- புகையான்: தூருக்கு ஒரு பூச்சி இருந்தால் கவனம் தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். வேப்ப எண்ணெய் 3 சதவீதம் (200 லிட்டருக்கு 6 லிட்டர்) அல்லது இலுப்பை எண்ணெய் 6 சதவீதம் (200 லிட்டருக்கு 12 லிட்டர்) அல்லது வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம். முதலில் தண்ணீரை வடியுங்கள், பயிரை விலக்கித் தூரின் அடியில் படும்படி தெளியுங்கள். நடவிலேயே எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டிருந்தால் வெளிச்சமும் காற்றும் உள்ளே போய்ப் பாதித் தொல்லை வராது.

- கதிர்நாவாய்ப் பூச்சி: பூக்கும் பருவத்தில் 100 கதிருக்கு 5, பால் பிடித்த பிறகு 100 கதிருக்கு 16. நொச்சிக்கு நெல் வயலில் நல்ல வேலை இங்கேதான். நொச்சி இலைப் பொடிச் சாறு 5 சதவீதம் அல்லது வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம். பூக்கும்போது ஒரு முறை, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. வாய்க்கால் ஓரம் மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கின் இலைப் பொடிச் சாறும் இதற்கு ஆகும்.

- பச்சைத் தத்துப்பூச்சி (துங்ரோ நோயைப் பரப்புவது): 20 சென்ட் நாற்றங்காலுக்கு 12.5 கிலோ வேப்பம் பிண்ணாக்கை அடியில் இடுவது நல்ல முன்காப்பு.

இனி, எதற்கு மூலிகையை நம்பி உட்காரக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். குருத்துப்பூச்சிப் புழுவும் ஆனைக்கொம்பனும் தண்டுக்குள் புகுந்துவிட்டால் வெளியே அடிக்கும் சாறு அவற்றைத் தொடாது. குருத்துப்பூச்சிக்கு நாற்றின் நுனியைக் கிள்ளி நடுவதும், முட்டைக் குவியலைப் பொறுக்குவதும், டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டை கட்டுவதும்தான் முதல் வழி. புகையான் வட்ட வட்டமாகக் காயவைத்த பிறகு வேப்ப எண்ணெயோடு போராடினால் பயிர் போய்விடும். அந்த நிலையில் வேளாண் அலுவலரைக் கேட்டு, பரிந்துரைத்த ஒரே ஒரு ரசாயன மருந்தை, பரிந்துரைத்த அளவில், பாதித்த இடத்தில் அடிப்பதில் தவறில்லை. இரண்டு மூன்றைக் கலந்து, மேலே ஒரு 'டானிக்'கும் ஊற்றி அடிப்பதுதான் தவறு. இயற்கை வேளாண்மையில் முழுதாக இறங்கியவர்கள் அந்த நிலை வராமல் பார்க்க வேண்டும். அதற்கு எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கன்றைக் கணக்குப் போட்டு நடுங்கள்

இலவசக் கன்று வாங்கிய பலரும் போடாத கணக்கு ஒன்று உண்டு. ஓர் ஏக்கருக்கு ஒரு முறை நொச்சிச் சாறு அடிக்க 10 கிலோ காய்ந்த இலைப் பொடி வேண்டும். பச்சை இலை காய்ந்தால் நாலில் ஒரு பங்கு தேறும் என்று வைத்துக்கொண்டாலும் 40 கிலோ பச்சை இலை. இரண்டு முறைக்கு 80 கிலோ. பத்துக் கன்றை நட்டுவிட்டு முதல் ஆண்டே இதை எதிர்பார்க்க முடியாது.

ஆனால் நொச்சியும் ஆடாதொடையும் போத்திலேயே வேர் பிடிக்கும். கிடைத்த கன்றைத் தாய்ச்செடியாக வைத்து, அடுத்த மழைக்கு வெட்டி வெட்டி நடுங்கள். வேலி ஓரம், வாய்க்கால் கரை, களத்து மேடு ஆகியவை ஏற்ற இடம். நடு வரப்பில் புதராக விட்டால் எலி வளை போடும், பயிருக்கு நிழலும் விழும். ஆடு மாடு கடிக்காது என்பதால் காவலும் வேண்டாம். அப்பா, தாத்தா காலத்தில் நடவுக்கு முன் சேற்றில் மிதித்த தழையும் இவைதான். மிஞ்சிய இலை வீணாகாது.

வேம்புக்குக் காலம்தான் கணக்கு. நம் பகுதியில் வேம்பு பழுப்பது ஆனி, ஆடியை ஒட்டி. ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூரில் தண்ணீர் திறந்தால் குறுவை நடவில் எல்லோரும் மூழ்கியிருக்கும் நேரம் அது. மரத்தடியில் பழம் கொட்டி அழுகும், பொறுக்க ஆள் இருக்காது. மார்கழியில் புகையான் வரும்போது வேப்பங்கொட்டைக்குத் தேடி அலைவோம். எட்டு மாதத்துக்கு மேற்பட்ட கொட்டையில் வீரியம் இருக்காது என்பதால் போன வருடத்து இருப்பும் உதவாது. ஆடியில் பொறுக்கியது தை முடிய ஆகும், அதாவது சம்பா, தாளடி இரண்டுக்கும் சரியாகப் பொருந்தும். நன்றாகக் காய்க்கும் ஒன்றிரண்டு மரத்தின் பழம் ஓர் ஏக்கருக்கு ஒரு தெளிப்புக்குப் போதும்.

வேப்பங்கொட்டைச் சாறு தயாரிக்கும் முறை (100 லிட்டருக்கு)

1. பழத்தோலை நீக்கி, கொட்டையை நிழலில் காற்றாட உலர்த்துங்கள். வெயிலில் போட வேண்டாம். பூசணம் பிடித்ததை ஒதுக்குங்கள்.
2. ஓடு நீக்கிய பருப்பு 5 கிலோவை இடித்துத் தூளாக்குங்கள்.
3. 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள்.
4. காலையில் மரக்குச்சியால் பால் போல வெள்ளையாக வரும்வரை கலக்கி, மெல்லிய துணியை இரண்டாக மடித்து வடிகட்டுங்கள்.
5. தண்ணீர் சேர்த்து 100 லிட்டர் ஆக்குங்கள். தெளிப்பதற்குச் சற்று முன் 200 கிராம் சோப்புத் தூளைக் குழைத்துச் சேருங்கள். சோப்பு இல்லாவிட்டால் நெல் இலையில் சாறு ஒட்டாது.
6. அன்று தயாரித்ததை அன்றே அடித்து முடியுங்கள். காரத் தன்மை உள்ள போர்த் தண்ணீரை விட வாய்க்கால் தண்ணீர் நல்லது.

வேப்ப எண்ணெயாக இருந்தால் 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. முதலில் தண்ணீரில் சோப்புக் கரைசலைக் கலக்கி, பிறகு எண்ணெயை ஊற்றிக் கலக்குங்கள். அளவு மிஞ்சினால் இலை கருகும். முதல் முறையாக அடிக்கிறவர்கள் ஒரு மூலையில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதை அடியுங்கள்.

கீழாநெல்லிக் கேள்விக்குப் பதில்

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். "கழுவினா போயிடும்ல?"

போகாது அம்மா என்றுதான் சொன்னேன். மேலே படிந்தது ஓரளவு போகும். ஆனால் அசிபேட், இமிடாகுளோபிரிட், தயமீதாக்சம் போன்றவை செடிக்குள் ஊடுருவிச் சாற்றோடு ஓடுகிறவை. உள்ளே போனதைத் தண்ணீர் கழுவாது. கீழாநெல்லியை நாம் வேக வைப்பதும் இல்லை. வேரோடு பறித்து, பச்சையாக அரைத்து, வெறும் வயிற்றில் கொடுக்கிறோம். ஏற்கெனவே ஈரல் தளர்ந்த பிள்ளைக்கு நஞ்சையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்? பையனை உடனே மருத்துவரிடம் காட்டி, பறித்த இடத்தையும் மறைக்காமல் சொல்லச் சொன்னேன்.

வயல்காரருக்கு அவர் கீழாநெல்லி பறித்தது தெரியாது. இவருக்கு மருந்து அடித்தது தெரியாது. நம் வரப்புகளில் கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, வல்லாரை, பொடுதலை எல்லாம் தானாக முளைக்கின்றன. நிலம் இல்லாத குடும்பங்களுக்கு அதுதான் கீரைக்கடை, அதுதான் மருந்துக்கடை. வரப்பு உங்கள் பட்டாவில் இருக்கலாம், ஆனால் அதில் முளைக்கும் கீரையை ஊரே பறிக்கிறது. அதனால் நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன்:

- மருந்து அடித்தால் வயலின் நான்கு மூலையிலும் குச்சி நட்டு, சிவப்புத் துணியோ வேப்பங்கொத்தோ கட்டுங்கள். என்ன அடையாளம், எத்தனை நாள் என்பதை ஊரே சேர்ந்து முடிவு செய்யுங்கள். வேலைக்கு வருகிற பெண்களுக்கு வாயாலும் சொல்லிவிடுங்கள்.
- வரப்புக் களைக்குக் களைக்கொல்லி வேண்டாம், மண்வெட்டியால் செதுக்குங்கள். பாராகுவாட் போன்றவை உள்ளே போனால் முறிவு மருந்தே கிடையாது.
- வீட்டுக்கு வேண்டிய மூலிகையைக் கொல்லையில் தனியே வளருங்கள். பூச்சிவிரட்டிக்கு வயலோரம் வைத்த நொச்சியை வீட்டில் ஆவி பிடிக்க ஒடிக்காதீர்கள், அதன் மேலும் சாரல் பட்டிருக்கும்.
- தெளிப்பானைக் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். கீழ்ப்பாசனத்தில் மாடு குடிக்கிறது, வாத்து மேய்கிறது, பிள்ளைகள் குளிக்கிறார்கள்.

'இயற்கை' என்ற பெயரிலும் நஞ்சு உண்டு

செடியில் இருந்து வந்தது எல்லாம் சாது என்று நினைக்க வேண்டாம். புகையிலைக் கஷாயத்தில் உள்ள நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். ஊமத்தை, அரளி, எருக்கம்பால் எதுவும் விளையாட்டுப் பொருள் இல்லை. இவற்றை இடிக்கும்போது கையுறை போடுங்கள், முகத்தை மூடுங்கள், சமையல் பாத்திரத்தை எடுக்காதீர்கள். இருமலுக்கு உதவும் ஆடாதொடையைக் கூடக் கர்ப்பிணிகளுக்குத் தானாகக் கொடுக்கக் கூடாது, அது கருப்பையைச் சுருங்க வைக்கும்.

கடையில் 'மூலிகை மருந்து', 'உயிரி மருந்து' என்று பளபளப்பாக விற்கும் புட்டிகளிலும் கவனம் வேண்டும். இப்படி விற்றவற்றில் ரசாயனப் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது ஆய்வகங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மூலிகை என்று சொல்லி அடித்த ஒரு மணி நேரத்தில் பூச்சி கொத்துக் கொத்தாக விழுந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள், சந்தேகப்படுங்கள். மேலே சொன்னபடி மூலிகை அப்படி வேலை செய்வதில்லை. பதிவு எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, என்ன பொருள் எத்தனை சதவீதம் என்பது அச்சாகி இருக்கிறதா பாருங்கள். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். முக்கோணத்தின் நிறத்தையும் பாருங்கள்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றாலும் நஞ்சுதான், வீரியம் குறைவு, அவ்வளவே.

யாராவது பூச்சிக்கொல்லியைக் குடித்துவிட்டாலோ, அடிக்கும்போது மயங்கினாலோ, வீட்டில் எந்தச் சாறும் கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். வாழைத்தண்டுச் சாறும் மோரும் அங்கே உதவாது. உடனே 108-ஐ அழையுங்கள். நஞ்சு பட்ட துணியைக் களைந்து உடம்பை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புட்டியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான முறிவு மருந்து கொடுக்க முடியும். மீதம் உள்ள புட்டிகளைப் பூட்டி வையுங்கள், சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

அரசும் ஊரும் செய்ய வேண்டியது

கன்று கொடுத்தது நல்ல தொடக்கம். அதோடு நின்றால் நொச்சி வேலியாக மட்டும் நிற்கும். என் பார்வையில் மூன்று குறைகள் இருக்கின்றன.

முதலாவது ஆள் பற்றாக்குறை. கொட்டை பொறுக்கி, உலர்த்தி, இடிக்கத் தனி உழவர் வீட்டில் ஆள் இல்லை. அதையே ஊருக்கு ஒரு மகளிர் சுயஉதவிக் குழு ஆடியில் செய்து பொடியாகக் கட்டி வைத்தால், உழவருக்கு மார்கழியில் கிடைக்கும், குழுவுக்கும் வருமானம். மூலிகைப் பூச்சிவிரட்டி தோற்கும் இடம் பெரும்பாலும் வயல் அல்ல, இந்த ஆடி மாதம்தான்.

இரண்டாவது விலை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஆறு தடவை மருந்து அடித்த நெல்லுக்கும் ஒரு தடவை கூட அடிக்காத நெல்லுக்கும் ஒரே விலை. ஈரப்பதம் பார்க்கிறார்கள், கருக்காய் பார்க்கிறார்கள், நஞ்சு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இது மாறாத வரை உழவருக்கு உடனே கிடைக்கும் லாபம் மருந்துச் செலவில் மிச்சமாவது மட்டுமே. அதுவும் சின்னத் தொகை இல்லை. போன போகத்தின் மருந்துக்கடை ரசீதுகளைக் கூட்டிப் பாருங்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது பயிற்சி. கன்று கொடுக்கும் நாளிலேயே பூச்சி எண்ணவும் கற்றுக் கொடுக்க வேண்டும். இதில் எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்களின் குறையும் இருக்கிறது. பல காலம் நாங்களும் மேடையில் மருந்தின் பெயரைத்தான் அதிகம் சொன்னோம், சிலந்தியின் பெயரைக் குறைவாகச் சொன்னோம்.

வருகிற பருவத்தில் மொத்த வயலையும் மாற்ற வேண்டாம். மீகாங் உழவர்கள் செய்தது போல, ஒரு கால் ஏக்கரைத் தனியே பிரியுங்கள். நட்ட முதல் 40 நாட்களுக்கு அதில் எதுவும் அடிக்காதீர்கள். வாரம் ஒரு முறை எண்ணுங்கள், தேவைப்பட்டால் மட்டும் வேப்பங்கொட்டைச் சாறு அடியுங்கள். செலவையும் விளைச்சலையும் ஒரு நோட்டில் எழுதி, மற்ற வயலோடு ஒப்பிடுங்கள். என் பேச்சை நம்ப வேண்டாம், உங்கள் நோட்டை நம்புங்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்கள் ஆகியவற்றை அணுகலாம். கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800 180 1551.

பாபநாசத்து அம்மாவின் மகன் தேறிவிட்டான் என்று பின்னர் அறிந்தேன். அந்த ஊரில் இப்போது மருந்து அடித்த வயலின் மூலையில் சிவப்புத் துணி கட்டுகிறார்கள். இதற்கு எந்தத் திட்டமும் நிதியும் தேவைப்படவில்லை. உங்கள் ஊரிலும் நாளைக்கே தொடங்கலாம்.